பதிமூன்று வட்டம், இரண்டு தாள்

சென்ற வாரம் எங்கள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் கழித்து அலுவலகத்திலிருந்து போன் வந்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஏதோ ஒரு பீரோ சாவியைக் காணோம்; அல்லது ஏதோ ஒரு தப்பு கிடைத்திருக்கிறது. பேசியது சுகந்தி. செஞ்சியில் நான் தேய்த்த புள்ளியியல் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள்.

"சார், பழைய பைல எல்லாம் ஸ்கேன் பண்ணச் சொல்லிட்டாங்க. தண்ணி பைல்ல மூணு பெரிய தாள் இருக்குது. வட்டம் வட்டமா, நடுவுல கோடு. தலைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இன்னா சார் இது?"

"ஹாஸே படம்மா."

"இன்னா படம்?"

"எந்த ஊருக்குக் கஷ்டம் ஜாஸ்தின்னு காட்டற படம்."

"சரி சார். முதல் தாள்ல பதிமூணு வட்டம், ரெண்டாவதுல பதினாலு, மூணாவதுல திரும்பப் பதிமூணு. முதலும் மூணாவதும் ஒண்ணுதானே? ஒண்ணக் கிழிச்சிடட்டுமா?"

கிழிக்காதே என்றேன். ஏன் என்றாள். போனில் சொன்னால் முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். முப்பத்தொரு வருட சர்வீஸில் யாரும் நினைவூட்டுக் கடிதம் போடாமலே நான் அனுப்புகிற முதல் விளக்கம் இது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புள்ளியியல் பட்டம், வெளியே சொல்லாத மதிப்பெண், ஒரு தேர்வு, வேலை. நைனா ஆட்டை எண்ணிக்கொண்டே கேட்டார்: "இன்னா வேலைடா?" எண்ணுகிற வேலை என்றேன். "எத?" எல்லாவற்றையும் என்றேன். "இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறானா?" என்று கேட்டுவிட்டு, எண்ணிக்கை விட்டுப்போனதால் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மாடு எண்ணினேன், கிணறு எண்ணினேன், மழை அளந்தேன். ஆனால் நான் பெயர் வாங்கியது வெயிட்டேஜில். விஷயம் இதுதான். ஊர் பதினான்கு, கஷ்டம் மூன்று விதம், கட்டப்போகிற தண்ணீர் டேங்க் ஒன்று. குழாய்ப் பற்றாக்குறை, நடக்கிற தூரம், தண்ணீரில் உப்பு. ஒவ்வொரு கஷ்டத்துக்கும் ஓர் எடை வைத்துப் பெருக்கிக் கூட்டினால் வரிசை வந்துவிடும். தூரத்துக்கு எடையை ஏற்றினால் ஒரு ஊர் முதலில் வரும், உப்புக்கு ஏற்றினால் வேறு ஊர். கூட்டத்துக்கு முன்னால் யாராவது என் மேஜைப் பக்கம் வந்து, "கோதண்டம், இந்த ஊரு மேல வரணும்பா" என்று டீ சொல்வார். டீ ஆறுவதற்குள் எடையைக் கண்டுபிடித்துவிடுவேன். இதை நான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டங்களில் என்னைப் பாராட்டிப் பேசியிருக்கிறார்கள். பேசியவர்கள் அத்தனை பேர் ஊரிலும் டேங்க் இருக்கிறது.

பிறகு உதவி இயக்குநராக வசந்தா மேடம் வந்தார்.

மேடம் குரலை உயர்த்த மாட்டார். கையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு பென்சில். படிவத்தை நீட்டினால் ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைப்பார். எண்ணைப் பார்ப்பார். "எப்படித் தெரியும்?" என்பார். பதில் சொன்னால் ஸ்கேல் ஒரு வரி இறங்கும். சொல்ல முடியாவிட்டால் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். திட்டு கிடையாது, தப்பு என்ற சொல்கூடக் கிடையாது. கடைசியில் தாளை நம் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருப்பார். எத்தனையோ அதிகாரிகளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டால் மறந்துவிடும். அந்தப் புள்ளி சாம்பாரில் கடுகு மாதிரி வந்து மிதக்கும்.

என் வெயிட்டேஜ் கணக்கைப் பார்த்த முதல் நாளே கேட்டார்: "உப்புக்கு இருபது. எப்படித் தெரியும்?"

"வழக்கம் மேடம்."

புள்ளி.

"இனிமே எடை வேண்டாம் கோதண்டம்" என்று என்னைச் சென்னைக்கு ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார். கற்றுக்கொடுத்தது ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள். இனிஷியல் இருக்கிறது, பெயர் எங்கே என்று கேட்டேன். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. ஹாலில் ஏ.சி. இருந்ததால் ஐந்து நாளும் முழுதாக இருந்தேன். நாலாம் நாள், மதியச் சாப்பாடு முடிந்து பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியபோது, பகுதி வரிசை என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரரின் குறட்டையால் நான் மட்டும் அதைக் கேட்டேன்.

அது இப்படி. நம் பஸ் ஸ்டாண்டில் மூன்று டிபன் கடை என்று வையுங்கள். முதல் கடையில் இட்லி பூ, சட்னி தண்ணீர். இரண்டாவதில் சட்னி பிரமாதம், இட்லியை எறிந்தால் ராஜகிரிக் கோட்டையில் ஓட்டை விழும். மூன்றாவதில் இட்லி இரண்டாவதைவிடக் கல், சட்னி முதலாவதைவிடத் தண்ணீர். மூன்றாவது கடை மற்ற இரண்டுக்கும் கீழே என்பதில் சண்டையே இல்லை, கோடு போடலாம். முதல் இரண்டில் எது மேல்? இட்லி விரும்புகிறவர் ஒன்று சொல்வார், சட்னி விரும்புகிறவர் இன்னொன்று சொல்வார். இந்தப் படம் அவை இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்து நடுவில் கோடு போடாமல் விட்டுவிடும். எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும். அரசாங்க மேஜையில் நான் பார்த்தவற்றில் அப்படி ஒப்புக்கொண்ட ஒரே பொருள் அந்தப் படம்தான்.

இரண்டாவது விதி: தாத்தா மேலே, மகன் நடுவே, பேரன் கீழே என்றால் தாத்தாவிலிருந்து பேரனுக்குத் தனிக்கோடு கிடையாது. நடுவில் இருப்பவர் வழியாகவே தெரிந்துவிடும். மூன்றாவதாகவும் ஒரு விதி சொன்னார்கள். அப்போது பார்த்து டீ வந்தது. அந்த விதி என் காதில் விழவில்லை.

படம் போட எண் வேண்டும். எண்ணுக்கு ஊர் ஊராகப் போக வேண்டும். அதற்கு மென்பொருள் உதவாது. "கேட்டு எழுதாதீங்க, நடந்து எழுதுங்க" என்றார் மேடம். குழாய் என்றால் திறந்து பார்த்துத் தண்ணீர் வருவதை மட்டும் எண்ண வேண்டும்; ஊரிலுள்ள வீட்டை அதால் வகுக்க வேண்டும். தூரம் என்றால் ஊர் நடுவிலிருந்து தண்ணீர் எடுக்கும் இடம்வரை என் காலடி எத்தனை என்று எண்ண வேண்டும். உப்புக்குப் பேனா மாதிரி ஒரு மீட்டர். தண்ணீரில் முக்கி, எண் ஆடி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஊரை இப்படி முடித்தேன். என் செருப்பு சாட்சி.

பதின்மூன்றாவது மேல்கொல்லை. பதினான்காவது கீழ்கொல்லை. நடுவில் ஒரு பாறைக்குன்று, யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டு மறந்துபோன மாதிரி. மேல்கொல்லையை முடித்தபோது மணி பதினொன்று. அன்று அமாவாசை. நம் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அமாவாசை என்றால் ஓடுகிற பஸ் எல்லாம் மேல்மலையனூர்க் கோயில் ஸ்பெஷல். கிராமத்துக்கு வரும் டவுன் பஸ் அன்றைக்குக் கிடையாது. என் பைக் மெக்கானிக்கிடம் இருந்தது. மெக்கானிக் மேல்மலையனூரில் இருந்தார்.

குன்றைப் பார்த்தேன். வெயிலைப் பார்த்தேன். டீக்கடையில் இருந்த ஒருவரிடம், கீழ்கொல்லையில் தண்ணீர் எப்படி என்று கேட்டேன்.

"அங்கயும் இதே கதைதான் சார்."

இதே கதை என்று அவர் சொன்னதை இதே எண் என்று நான் எழுதிக்கொண்டேன். மூன்று கட்டம், மேல்கொல்லையின் மூன்று எண். பிறகு ரோட்டில் நின்று கையைக் காட்டினேன். செஞ்சிப் பக்கம் போகிற பஸ் ஒன்றுகூட நிற்கவில்லை. நின்ற ஒரே பஸ் மேல்மலையனூர் போயிற்று. ஏறிவிட்டேன். அன்று எனக்கு நல்ல தரிசனம்.

அடுத்த வாரம் ஆரில் பதினான்கு ஊரையும் அடித்து, நாலு வரிக் கட்டளை கொடுத்தேன். முதலில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் காலிக் கட்டங்களாக வந்தன. இங்கிலீஷில் மாற்றி அடித்துப் பெரிய தாளில் அச்சிட்டுக் கூட்ட அறைச் சுவரில் ஒட்டினேன். உச்சியில் தன்னந்தனியாக மேல்கொல்லை. இந்தப் படத்தில் மேலே இருந்தால் கஷ்டம் அதிகம் என்று அர்த்தம். ஆனாலும் எல்லா ஊர்க்காரர்களும் முதலிடத்துக்குத்தான் அடித்துக்கொள்வார்கள்.

கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே கீழ்கொல்லை மகளிர் குழுத் தலைவி அஞ்சலை வந்துவிட்டார். படத்தின் முன்னால் நின்று, விரல் தாளில் படாமல், வட்டங்களை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"சார், எத்தன ஊருக்குப் படம்?"

"பதினாலு."

"பதிமூணு வட்டம்தான் இருக்குது. கீழ்கொல்லை எங்க?"

நானும் எண்ணினேன். பதிமூன்றுதான். அந்தக் கணத்தில், சென்னையில் டீ வந்தபோது சொன்ன மூன்றாவது விதி என்னவாக இருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"அது வந்தும்மா... ரெண்டு ஊருக்கும் எல்லா நம்பரும் ஒண்ணா இருந்தா, கம்ப்யூட்டரு ரெண்டையும் ஒரே வட்டத்துல போட்டுடும். லிஸ்ட்ல முதல்ல இருக்கற பேர மட்டும் எழுதும். நீங்க மேல்கொல்லைக்குள்ள இருக்கறீங்க."

அஞ்சலை விரலை அந்த வட்டத்துக்கு நேராக நிறுத்தினார்.

"அவங்க தெருக் குழாயிலயே எங்கள வுடல சார். வட்டத்துல வுட்டுட்டாங்களா?"

நான் தாளின் மூலையைத் தேய்த்து ஒட்டினேன்.

"டேங்க் மேல்கொல்லைக்குப் போச்சுன்னா எங்களுக்குச் சொட்டு வராது. எம் பொண்ணு பத்தாவது. காலைல ரெண்டு நடை தண்ணி. முதல் பீரியடு கணக்கு. இந்த வருஷம் அவ முதல் பீரியடயே பார்த்ததில்ல." தாளைவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆமா, எங்க ஊருக்கு எப்ப சார் வந்தீங்க? நான் பார்க்கலியே."

பின்னால் மேடம் நின்றிருந்தார். என் மேஜைக்குப் போய் இரண்டு ஊர்ப் படிவங்களையும் எடுத்துவந்து, ஸ்கேலை வைத்தார்.

"மூணும் ஒண்ணா இருக்கு. எப்படித் தெரியும்?"

என்னிடம் பதில்கள் இருந்தன. பக்கத்துப் பக்கத்து ஊர், ஒரே பாறை, ஒரே நிலத்தடி நீர். இதைவிடப் பலவீனமான பதில்களை வைத்துக்கொண்டு நான் ஆடிட்டையே சமாளித்திருக்கிறேன். ஆனால் அஞ்சலை பக்கத்தில் நின்றார். ஒரு புள்ளி விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. மேடம் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"மேடம், அன்னைக்கு அமாவாசை."

மேடம் வெளியூர்க்காரர்தான். ஆனால் செஞ்சிக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.

"சாமி நல்லாப் பார்த்தீங்களா சார்?" என்று கேட்டார் அஞ்சலை.

"நல்லாப் பார்த்தேம்மா."

"கூட்டத்த அடுத்த வாரம் மாத்தறேன்" என்றார் மேடம். "நாளைக்குக் கீழ்கொல்லைக்குப் போங்க. மெமோ சாயந்திரம் வரும். ரெண்டும் வேற வேற."

மறுநாள் காலை கீழ்கொல்லையில் அஞ்சலை இரண்டு பிளாஸ்டிக் குடத்தோடு நின்றிருந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"நான் எண்ணத்தாம்மா வந்தேன்."

"குடத்தோட எண்ணுங்க. வெறுங்கையோட நடந்தா அது வேற தூரம்."

குன்றைத் தாண்டினால் மேல்கொல்லைத் தெருக் குழாய். அங்கே இவர்களுக்கு வேலையில்லை. எதிர்ப்பக்கமாகப் பாறைகளைச் சுற்றிப் போனால் ஒரு வயல் கிணறு. போகும்போது காலிக் குடம். இரண்டாயிரத்துக்கு மேல் எண்ணினேன். திரும்பும்போது நிறைகுடம். தோளில் வைத்தேன், இடுப்பில் வைத்தேன், நடுவில் ஒரு முறை கட்டிப்பிடித்துக்கொண்டேன். எண்ணூற்றுச் சொச்சத்தில் கணக்கு விட்டுப்போயிற்று. நைனா ஞாபகம் வந்தது. பின்னால் வந்த பெண்களில் ஒருத்தி, "சாருக்கு மேளம் வெச்சி அழைச்சிக்கினு வாங்கடி" என்றாள். ஊர் வந்து சேர்ந்தபோது குடத்தில் பாதி இருந்தது. மீதியை என் சட்டை வைத்திருந்தது.

வீடு முப்பத்தெட்டு. ஊரில் ஒரே ஒரு கைப்பம்பு. அதன் கைப்பிடிக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் துணி காயும் கயிறு. தண்ணீர் வரும் குழாய்: பூஜ்யம். மிச்சமிருந்த பாதிக் குடத்தில் உப்பு மீட்டரை முக்கினேன். எண் ஆடி, இறங்கி, நின்றது. பதினான்கு ஊரிலும் அவ்வளவு குறைவான எண்ணை நான் பார்க்கவில்லை. குடித்துப் பார்த்தேன். இளநீர்.

அஞ்சலை மீட்டரை எட்டிப் பார்த்தார். "கொறச்சலா இருந்தா நல்லதா சார், கெட்டதா?"

"தண்ணிக்கு நல்லது. உங்களுக்குக் கெட்டது."

விளக்கினேன். பழைய படிவத்தில் நான் எழுதியது மேல்கொல்லையின் உப்பு. அது அப்படியே இருந்தால், தூரத்திலும் குழாயிலும் கீழ்கொல்லைக்குத்தான் கஷ்டம் அதிகம், உப்பில் இரண்டும் சமம். ஆகவே கீழ்கொல்லை தனியாக உச்சிக்குப் போய்விடும். டேங்க் நிச்சயம். இந்தப் புது எண்ணை எழுதினால் உப்பில் மேல்கொல்லை மேலே, மற்ற இரண்டில் கீழ்கொல்லை மேலே. இரண்டும் அக்கம்பக்கமாக நிற்கும், நடுவில் கோடு இருக்காது. அப்புறம் கூட்டத்தில் யார் குரல் பெரிதோ அவர்களுக்குத்தான். சென்னைப் பயிற்சிக்கு வந்த அதிகாரிகளைவிட அஞ்சலைக்கு இது சீக்கிரம் புரிந்தது.

"அப்ப அந்த ஒரு நம்பர மட்டும் பழசயே வுட்டுடுங்க சார். ஏற்கெனவே காப்பி அடிச்சதுதானே?"

நியாயமான வாதம். டீ வாங்கிக் கொடுத்தவர்களுக்கெல்லாம் எண்ணை வளைத்துக் கொடுத்தவன் நான். குடத்தைத் தூக்கிக்கொண்டு தினம் இவ்வளவு தூரம் நடக்கிற பெண் கேட்கும்போது முடியாது என்று சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"எப்படித் தெரியும்னு மேடம் கேப்பாங்கம்மா" என்றேன். "குடிச்சுப் பார்த்தேன்னு மட்டுந்தான் என்னால சொல்ல முடியும்."

புது எண்ணை எழுதினேன். அஞ்சலை குடத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "வெயில் ஏறுது. போங்க சார்." அதற்குப் பிறகு கூட்டம்வரை என்னோடு பேசவில்லை.

ஆரில் முப்பத்தெட்டைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னேன். நம் கால்குலேட்டர் என்றால் கோபித்துக்கொள்ளும். ஆர் அமைதியாக, முடிவிலி என்றது. மேடத்தின் ஸ்கேல் அங்கே நின்றது.

"ஒரு குழாய்க்கு முடிவே இல்லாத வீடா? எப்படித் தெரியும்?"

"குழாயே இல்ல மேடம்."

ஸ்கேல் ஒரு வரி இறங்கியது. புள்ளி இல்லை.

கூட்டத்தன்று சுவரில் இரண்டாவது தாள். பதினான்கு வட்டம். உச்சியில் இரண்டு, நடுவில் கோடு இல்லை. தலைமை வகித்தவர் என்னைப் பார்த்து, "கோதண்டம், பழையபடி வெயிட்டேஜ் போட்டு ஒருத்தர மேல ஏத்துப்பா, வேல முடியட்டும்" என்றார்.

"போடலாங்க. எந்த ஊரு வேணும்னு சொல்லுங்க, அது மேல வர்ற மாதிரி போட்டுத் தர்றேன்" என்றேன்.

இத்தனை வருடமாக அவர்கள் என் காதோடு சொன்னதை நான் மைக்கில் சொல்லிவிட்டேன். மேடம் பென்சிலைக் கீழே வைத்தார்.

"படம் இதுக்கு மேல சொல்லாது" என்றார். "இனிமே நாமதான் பேசணும்."

மேல்கொல்லை வார்டு மெம்பர் தேவராசு எழுந்து, தன் ஊரில் எவ்வளவு ஆழம் போர் போட்டாலும் உப்புதான் என்று ஆரம்பித்தார். அப்போது குடிநீர்ப் பொறியாளர், அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என் படிவத்தைப் பார்த்தார்.

"இந்த ஒரு ஊர்ல மட்டும் உப்பு இவ்ளோ கம்மியா இருக்குதே. எந்தத் தண்ணி?"

"குன்னுக்கு அந்தாண்ட கெணறு" என்றார் அஞ்சலை. "கோடையிலயும் ஊறும்."

பொறியாளர் தாளில் ஒரு படம் போட்டார். என் படத்தைவிடச் சின்னது. அந்தக் கிணற்றுப் பக்கம் போர், குன்றின் மேல் டேங்க், இரண்டு பக்கமும் குழாய். உயரத்தில் இருப்பதால் தானாக இறங்கும்.

"டேங்க்கு எங்க ஊருக்குள்ள இருக்கட்டும்" என்றார் தேவராசு.

"தண்ணி அவங்க பக்கம் இருக்குதுங்க."

தேவராசு ஃபேனைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "எங்க வூட்ல பருப்பு வேக மாட்டேங்குது சார்" என்றார் கடைசியில். அதைச் சம்மதம் என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டோம்.

பழைய உப்பையே விட்டிருந்தால் பொறியாளர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். இதை நான் பிறகு பல இடங்களில் என் நேர்மைக்கு உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். அமாவாசையை விட்டுவிட்டுச் சொல்வேன்.

மெமோ சொன்னபடி அன்றைக்கே வந்திருந்தது. ஒரு இன்கிரிமென்ட் நின்றது. குழாய் வர மூன்று வருடம் ஆயிற்று. அஞ்சலையின் பெண் அந்த வருடம் கணக்கில் எல்லைக்கோட்டில் காலை வைத்துப் பாஸானாள். தண்ணீர் வந்தபோது காலேஜ் சேர்ந்திருந்தாள். அவளுக்கு அது உதவவில்லை. அவளுக்குப் பின்னால் படிக்கிறவர்களுக்கு உதவியது.

மூன்றாவது தாள், நான் ஓய்வு பெறுகிற மாதம். பதினான்கு ஊரையும் மறுபடி அளந்தேன். மேல்கொல்லைக்கும் கீழ்கொல்லைக்கும் வேண்டுமென்றே அமாவாசையாகப் பார்த்துப் போனேன். பஸ் இல்லை. குன்றைச் சுற்றி நடந்தேன். இரண்டு ஊரிலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழாய். தூரம், வாசல், அதற்குப் படிவத்தில் பூஜ்யம். உப்பு, ஒரே டேங்க் தண்ணீர். மேடத்தின் ஸ்கேல் வந்து நின்றது.

"மூணும் ஒண்ணா இருக்கு. எப்படித் தெரியும்?"

"நடந்தேன் மேடம்."

"அன்னைக்கு அமாவாசை போலிருக்கே."

"ஆமா மேடம். அதனாலதான் நடந்தேன்."

ஸ்கேல் இறங்கியது. ஆரிடம் கொடுத்தேன். பதிமூன்று வட்டம்.

ஆகவே சுகந்தி, இரண்டையும் ஸ்கேன் செய்யவும். அடையாளத்துக்குச் சொல்கிறேன்: முதல் தாளில் வட்டத்துக்குள் மேல்கொல்லை என்று இருக்கும். மூன்றாவதில் கீழ்கொல்லை என்று இருக்கும். லிஸ்டில் முதலில் இருக்கும் பெயரைத்தான் ஆர் எழுதும்; இந்த முறை நான் கீழ்கொல்லையை முதலில் அடித்தேன். சர்வீஸில் நான் செய்த கடைசி விஷமம் அது. அதற்கு மெமோ வரவில்லை.

அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிய அன்று அஞ்சலை வந்து, வழக்கம்போல விரல் படாமல் எண்ணிக்கொண்டிருந்தார். பின்னால் தேவராசு வந்து நின்றார். மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார்.

"இன்னாப்பா கோதண்டம், எங்க ஊரக் காணோமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"உள்ளதான் இருக்கறீங்க. நாங்க வுட்டுட்டோம்."